பிஸ்கட் டின் சன்னல்

தோட்டத்துப் புது லயத்து வீடுகளுக்குச் சன்னல் வைத்தார்கள். சன்னலுக்குப் பலகை வைக்கவில்லை. கேட்டதற்கு, பலகை பிறகு வரும் என்றார் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. அவர் யாழ்ப்பாணத்து ஆள். அவர் பேசினால் எங்களுக்குப் பாதி புரியாது. இது புரிந்தது.

வெள்ளைக்கார அரசு காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முன்னே மேட்டில் நாலு வீடு, பள்ளத்தில் நாலு வீடு என்று ரப்பர் மரத்துக்கு நடுவில் சிதறிக் கிடந்தோம். காட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் கையால் சோறு போய்விடும் என்று எல்லாரையும் பெயர்த்துக்கொண்டு வந்து ரோட்டோரம் ஒரே இடத்தில் வைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி. ஒரே கேட். கேட்டை ஒட்டிக் கால் நட்டு உயரமாக ஒரு போலீஸ் கொட்டகை. அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வெறும் திடல். புல்கூட முளைக்காத செம்மண்.

எங்கள் சன்னல் அந்தத் திடலைப் பார்த்து இருந்தது.

எனக்கு ஆறு வயது இருக்கும். அம்மா அப்போதுதான் தம்பியைப் பெற்றிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும், வெந்நீர் ஊற்ற வேண்டும், வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். எல்லாம் அந்த ஒரே அறையில். சன்னல் வழியாகப் பார்த்தால் கொட்டகையில் நிற்கிற போலீஸ்காரன் தெரிவான். அவனுக்கும் நாங்கள் தெரிவோம்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பால் கொடுக்கும்போதும் அப்படியே. பால் சரியாக இறங்கவில்லை. தம்பி நாள் முழுக்க அழுதான். பிறகு அழுகிற சத்தமும் குறைந்தது. அதைக் கண்டுதான் அத்தை பயந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள். வாய் ஜாஸ்தி. வேலை வாங்குகிற மண்டோருக்கே எதிர்ப்பேச்சு பேசுகிறவள்.

"கூச்சத்துல பால் மேல ஏறிக்கிச்சு. மொதல்ல அந்த ஓட்டைய மூடு தம்பி" என்றாள் அப்பாவிடம்.

எதைக் கொண்டு மூடுவது? அப்பா தன் பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஜப்பான்காரன் காலத்தில் சாக்கை உடுத்திக்கொண்டு பால்மரம் வெட்டிய ஜனம் நாங்கள். அத்தை வேட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மனுசங் கட்டத் துணியக் காணோம், சன்னலுக்குக் கட்டுறானாம். ஏன், அது வயசுக்கு வந்திருக்கா?"

முதலில் சாக்கு கட்டினார்கள். உரச் சாக்கு. எத்தனை தரம் அலசினாலும் அந்த நெடி போகவில்லை. தம்பி தும்மினான். அவிழ்த்துவிட்டார்கள்.

அடுத்து கீற்று. அப்பா பச்சைத் தென்னை ஓலையை அழகாகப் பின்னி வைத்துக் கட்டினார். வெளியில் ஆள் தெரியவில்லை, காற்றும் வந்தது. மத்தியானம் கோடி வீட்டுக்காரர் ஆடு வந்து ஓலையைத் தின்றது. தின்று முடித்துத் தலையை உள்ளே விட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றது. போலீஸ்காரன் பார்த்தது போதாதென்று இது வேறு.

பிறகு பேப்பர். கிராணி வீட்டிலிருந்து பழைய இங்கிலீஷ் பேப்பர் வாங்கி வந்து, மரவள்ளிக் கஞ்சி காய்ச்சிப் பல அடுக்கு ஒட்டினார் அப்பா. காய்ந்ததும் அட்டை மாதிரி விறைப்பாக நின்றது. அத்தைக்குத் திருப்தி. அன்றைக்குச் சாயந்திரமே கடல் பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்தது. சன்னல் கூழாகிச் சுவரில் வழிந்தது. மிச்சமிருந்த பேப்பரைக் கிழித்து, சுவர்ப் பலகைக்கு நடுவில் இருந்த சந்து பொந்தையெல்லாம் அத்தை அடைத்தாள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது.

கடைசியில் தகரம். புக்கிட் ரோத்தானில் நாகூர்க்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். நானா என்போம். அப்பா அவரிடம் போய் நின்றார். அவர் எதற்கு என்று கேட்டார். அப்பா சொன்னார். நானா உள்ளே போய்ப் பெரிய சதுரமான பிஸ்கட் டின்களைக் கொண்டு வந்து போட்டார். எல்லாம் காலி டின். ஒவ்வொன்றிலும் ஆணியால் குத்திய ஒரு ஓட்டை. அந்தக் காலத்துச் சட்டம் அது. தின்கிற சாமான் டின்னில் இருந்தால், ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். ஓட்டை போட்டால் வைத்திருக்க முடியாது, காட்டுக்குப் போகாது என்று கணக்கு.

அப்பா டின்னை மூலையில் வெட்டி, விரித்து, கல்லால் தட்டி நேராக்கினார். தகட்டுக்குமேல் தகடு ஏற்றி ஆணி அடித்தார். மற்ற ஓட்டைகள் மேல்தகட்டுக்குள் மறைந்துவிட்டன. ஒன்று மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டது. மிளகு அளவு. அதைப் பார்த்து அத்தை, "போவுது, கொசு மூச்சு விடட்டும்" என்றாள்.

சன்னல் மூடியது. அறை இருட்டாகிவிட்டது. அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தம்பி குடிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் மத்தியானம். வெயில் வீட்டுக்குப் பின்பக்கம் சாய்ந்து, முன்னால் திடலில் நல்ல வெளிச்சம். நான் அம்மா பக்கத்தில் படுத்திருந்தேன். எதிர்ச் சுவருக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதில் ஒரு கறை தெரிந்தது. மழைத்தண்ணீர் பட்ட கறை என்று நினைத்தேன்.

கறை நகர்ந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். கறைக்குக் கால் இருந்தது. கால் மேலே இருந்தது. தலை கீழே. வௌவால் தொங்குகிற மாதிரி ஒரு ஆள் தொங்கிக்கொண்டே நடந்தான். அவனுக்கு மேலே, உத்திரத்தை ஒட்டி, செம்மண். நிஜச் செம்மண்ணின் நிறம். கீழே, தரைக்குப் பக்கத்தில், நீல வானம். அதில் மேகம் போனது. கொட்டகை தலைகீழாக நின்றது. கேட் தலைகீழாக நின்றது. தூரத்து ரப்பர் மரமெல்லாம் மேலே வேர் வைத்துக் கீழே இலை வைத்து இருந்தது. இலை ஆடியது.

வெளியில் போலீஸ்காரன் பூட்ஸ் சத்தம் கேட்டது. சுவரில் இருந்தவன் அந்தச் சத்தத்துக்குச் சரியாகக் காலெடுத்து வைத்தான்.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொட்டகைதான் அது" என்றாள் மெதுவாக. பிறகு, "அவன் நம்மளப் பார்க்கல. நாம அவனப் பார்க்கிறோம்" என்றாள். சிரித்தாள். தம்பி பிறந்த பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். கரண்டியோடு நின்றாள். கரண்டியிலிருந்து ரசம் சொட்டியது. நம்பவில்லை. "இரு" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். கதவைச் சாத்தினோம். சுவரில் அத்தை வந்தாள். கட்டைவிரல் உயரம்தான் இருந்தாள். தலைகீழாக, சேலை மட்டும் விழாமல் நின்றது. அதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஏன் விழவில்லை? திடல் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். சுவரில் கை கீழே நீண்டது.

"தெரியிறேனா?" குரல் மட்டும் நேராகச் சன்னல் பக்கமிருந்து வந்தது.

"தெரியிறீங்க அத்தை! தலகீழா!"

கொட்டகையில் இருந்த தலைகீழ் போலீஸ்காரன் திரும்பி அத்தையைப் பார்த்தான்.

அத்தை உள்ளே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. அடுப்படியில் இருந்த குங்குமத்தை எடுத்து, சுவரின் நாலு மூலைக்கும் வைத்தாள். சூடம் கொளுத்தினாள்.

"ஆத்தா, புள்ள பொறந்த வீட்டுல வந்து எறங்கிட்டே" என்றாள்.

"ஏன் அத்தை தலகீழா இருக்கு?"

"உலகம் இப்ப அப்படித்தானே கெடக்கு. ஆத்தா உள்ளதக் காட்டுறா."

தண்ணீர்க் குழாயடியில் அத்தை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். மறுநாள் வேலை விட்டு வந்ததும் லயமே வாசலில் நின்றது. பிள்ளை பெற்ற அறை, கூட்டம் ஆகாது என்று அத்தை ஐந்து ஐந்து பேராக விட்டாள். அம்மா மூலையில் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் சுவரைப் பார்த்துத் தரையில் உட்காருவார்கள். கதவைச் சாத்தினால்தான் படம் வரும். சாத்துவோம். யாரும் பேச மாட்டார்கள். கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரு லோரி சுவரின் ஒரு பக்கத்திலிருந்து வந்து மறுபக்கம் போகும். வெளியே சத்தம் எதிர்த்திசையில் போகும். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்த வீட்டு அக்கா மட்டும் கும்பிட்ட கையோடு கத்திவிட்டாள். "அந்தா போறான் பாரு எங்க வீட்டு ஆளு, கள்ளுக்கடைக்கு! போறப்பவே தலகீழாப் போறான், வர்றப்ப எப்படி வருவான்?" எழுந்து ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சுவரில் அவள் அவரைத் துரத்துவதும் தெரிந்தது. அன்றைக்குக் கும்பிட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கிராணியும் வந்தார். செருப்பைக் கழற்றாமல், சாத்திய கதவுக்கு உள்பக்கமாகவே நின்று பார்த்தார்.

"உது ஒண்டும் அதிசயம் இல்லை. படம் பிடிக்கிற பெட்டிக்குள்ளையும் உப்பிடித்தான் விழும்."

"அப்ப இந்த வீடு பெட்டிங்கிறீங்களா ஐயா?" என்றாள் அத்தை. "அதான் அந்த அளவுக்குக் கட்டியிருக்கீங்க."

கிராணி மறுநாள் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குச் செருப்பைக் கழற்றினார்.

அன்றைக்குத்தான் கொட்டகைப் போலீசுக்குப் பெரியவரான சார்ஜனும் வந்தார்.

கொட்டகையிலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. ஒரு வீடு. சன்னலைத் தகரத்தால் அடைத்திருக்கிறார்கள். பட்டப்பகலில் ஆட்கள் ஐந்து ஐந்தாகப் போகிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே சத்தமே இல்லை. வேறு ஐந்து பேர் போகிறார்கள்.

கதவு படாரென்று திறந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. சுவரில் படம் போய்விட்டது. வெறும் சுண்ணாம்பும் குங்குமமும்தான் இருந்தது. அதைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

சார்ஜன் மலாய்க்காரர். தோட்டத்துக்குப் பக்கத்தில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். மரியாதைச் சொல் மட்டும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாரும் அவருக்கு நீதான்.

"என்னா கூட்டம்?"

"படம் பார்க்கிறோம் சார்ஜன்" என்றாள் அத்தை.

"எங்க படம்?"

அத்தை சுவரைக் காட்டினாள். அவர் சுவரைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு தகரத்தின் நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து கண்ணை வைத்தார். நேரே கொட்டகை.

"நீ போஸ்ட்டப் பார்க்கிறே. எவன் வர்றான், எவன் போறான், பார்க்கிறே. யாரு இந்த ஓட்ட போட்டே?"

"நாங்களா போட்டோம்? உங்க கவர்மெண்டு போட்டது! ஓட்ட போடாம டின்னு விக்கக்கூடாதுன்னு சட்டம் வச்சது யாரு?"

பின்னால் நின்ற சின்னப் போலீஸ்காரன் சிரித்துவிட்டான். சார்ஜன் சிரிக்கவில்லை. "வீட்டுக்காரன் யாரு?" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து அடையாளக் கார்டை எடுத்துக் கொடுத்தார். கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டார். சார்ஜன் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"சாயந்திரம் லோரி வரும். நீ குவாலா சிலாங்கூர் ஸ்டேசன் போ. அங்க வந்து பேசு."

கார்டு இல்லாதவன் கேட்டைத் தாண்ட முடியாது. பால்மரம் வெட்டப் போக முடியாது. இதற்கு முன்னே எங்கள் லயத்திலிருந்து ஒருவர் அந்த லோரியில் ஏறினார். விசாரிக்கத்தான் என்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவர் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அம்மாவுக்கு அது தெரியும். தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவளைப் பார்க்காமல் வெளியே போனார்.

எல்லாரும் கலைந்து போனார்கள். அத்தை தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொண்டது.

சுவரில் படம் வந்துவிட்டது.

அப்பா இருந்தார். கொட்டகைக்குக் கீழே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு, தலைகீழாக நின்றார். முகம் தெரியவில்லை. நிற்கிற விதத்தில் தெரிந்தது. அம்மா எழுந்தாள். பிள்ளை பெற்றவள் வாசலைத் தாண்டக்கூடாது. சுவர்வரைக்கும் போகலாம். போனாள். கையை நீட்டி அவர்மேல் வைத்தாள். அப்பா சுவரை விட்டு அம்மாவின் உள்ளங்கைக்கு வந்துவிட்டார். அவள் கையை லேசாகக் குவித்தாள். அவர் அதற்குள் நின்றார்.

நான் பார்த்தேன். இத்தனை வயதுக்குள் கோயில் குளம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒன்றைப் பார்க்கவில்லை.

அத்தையும் பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள். "வர்றேன் இரு" என்று எழுந்து போனாள்.

பிறகு நடந்ததைச் சுவரில்தான் பார்த்தோம். அத்தை திடலில் நடந்தாள். கொட்டகைக்குப் போனாள். சார்ஜன் இறங்கி வந்தார். அத்தையின் கை ஆடியது. எங்கள் வீட்டைக் காட்டினாள். வானத்தைக் காட்டினாள். வயிற்றில் அடித்துக்கொண்டாள். எதுவும் காதில் விழவில்லை, அவ்வளவு தூரம். சார்ஜன் திரும்பிக்கொண்டார். அத்தை அவருக்கு முன்னால் போய் நின்றாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் அசையவில்லை.

பிறகு இரண்டு பேரும் வந்தார்கள். வர வரப் பெரிதானார்கள். கட்டைவிரல் உயரம், சாண் உயரம், முழ உயரம். கடைசியில் சார்ஜனின் பூட்ஸ் உத்திரத்தைத் தாண்டிப் போய்விட்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை தட்டினார். உள்ளே பச்சைப்பிள்ளை இருப்பதை அப்போதுதான் கண்டவர் மாதிரி வாசலிலேயே நின்றார். பூட்ஸைக் கழற்றினார்.

"நான் வரவா?" என்று அம்மாவைக் கேட்டார். எங்கள் வீட்டுக்குள் வருவதற்கு அதுவரைக்கும் எந்த உத்தியோகக்காரரும் கேட்டதில்லை. அம்மா தலையை ஆட்டினாள்.

அத்தை கதவைச் சாத்தினாள். "கண்ணு பழகட்டும். அவசரப்படாதே" என்றாள். அவரை அவளும் நீ என்றுதான் சொன்னாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சார்ஜன் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அல்லா பெயரைச் சொன்னார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கொட்டகை மேல் அந்தச் சின்னப் போலீஸ்காரன் நின்றான். சார்ஜன் இல்லை என்று துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு ஏதோ தின்றான். உடம்பு முழுக்க வெயில். அவனுக்குப் பின்னால் வானம். மறைக்க ஒன்றும் இல்லை. சார்ஜன் சுவருக்குப் பக்கத்தில் போனார். இன்னும் பக்கத்தில் போனார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டைவிரலை எடுத்து அவன்மேல் வைத்தார். முழு ஆளும் அந்த ஒரு விரலுக்குள் அடங்கிவிட்டான்.

விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"ரொம்ப நாளா நான் அங்க நிக்கிறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "வெளியிலேருந்து பார்க்கல. காட்டுல இருக்கிறவன் இப்படித்தான் பார்ப்பான்."

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மூட்டைப்பூச்சி விளையாட்டு. லயத்துச் சுவரில் மூட்டைப்பூச்சி ஊரும். கட்டைவிரலை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் தீர்ந்தது. எங்களுக்கெல்லாம் அது கைவந்த வேலை. நான் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். எட்டவில்லை. எக்கினேன். என் கட்டைவிரலை அப்பாமேல் வைத்து அழுத்தித் திருகினேன்.

"நானும் நசுக்கிட்டேன்!" என்றேன்.

சார்ஜன் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். வேகமாக. வலிக்கும்படி. பிடித்த கையை உடனே விடவும் இல்லை. அவர் கை ஈரமாக இருந்தது. அம்மாவோ அத்தையோ அவரை ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே போனார். பூட்ஸைப் போட்டுக்கொள்ளவில்லை, கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு திடலில் நடந்தார். முதலில் போலீஸ்காரனைச் சத்தம் போட்டு இறக்கினார். அப்புறம் பையிலிருந்து கார்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை வாங்கிக்கொண்டு நடந்து வந்தார். சுவரில் பெரிதாகிக்கொண்டே வந்தார். அம்மா கதவைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து மண்மூட்டை வந்தது. கொட்டகையை இறக்கிவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல் சுற்றிலும் மூட்டை அடுக்கினார்கள். சன்னல்களுக்குப் பலகையும் வந்தது. ஆத்தா கொடுத்த பலகை என்று அத்தை லயம் முழுக்கச் சொன்னாள். தகரத்தைக் கழற்றும்போது நான் அழுதேன். நிறைய அழுதேன்.

ஆனால் எனக்குக் கோபம் தகரத்துக்காக இல்லை, சார்ஜன்மேல். அவர் அந்தப் போலீஸ்காரனை நசுக்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்பாவை நசுக்கினதற்கு மட்டும் ஏன் கையைப் பிடித்து இழுக்க வேண்டும்? பெரியவர்களுக்கு ஒரு நியாயம், சின்னப்பிள்ளைக்கு ஒரு நியாயமா? அதற்குப் பிறகு கேட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சிரித்துக் கையை ஆட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.